வெண்ணெய்நல்லூர் வழக்கும் வன்தொண்டர் வாழ்வும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன், பிரம்மதேசம்)

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ நீதிமன்ற வாசலில் காலை பத்து மணிக்கு நின்று பார்த்தவர்கள் ஒரு காட்சியை மறக்க மாட்டார்கள். மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி எத்தனையோ பேர் நிற்பார்கள். பைக்குள் இருப்பது பத்திரம். நிலத்துப் பத்திரம், கடன் பத்திரம், பாகப் பத்திரம் என்று அது எதுவாகவும் இருக்கலாம். அதை எதிர்க்கட்சிக்காரர் கண்ணில் காட்டலாமா கூடாதா என்பதில்தான் பாதி வாய்தாக்கள் கழிகின்றன. வழக்கின் நியாயத்தைப் பேசும் நாளுக்கு முன்பே, வழக்கின் காகிதத்தைக் காட்டும் சண்டையில் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

இந்தச் சண்டை இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன்னர் நம் வட்டாரத்திலேயே ஒரு திருமணப் பந்தலில் இது மூண்டது. நம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் தீர்ந்தது. அந்த வழக்கின் எதிர்வாதிதான் சைவ சமயக் குரவர் நால்வருள் ஒருவராகிய சுந்தரமூர்த்தி நாயனார். அவருடைய வரலாற்றைப் பக்திக் கண்கொண்டு பலர் எழுதியுள்ளனர். பத்திரமும் சாட்சியும் சத்தியமும் அந்த வாழ்வில் எவ்வாறு இடம்பெற்றன என்ற கோணத்தில் அதனை இங்கே காண்போம்.

பிறப்பும் வளர்ப்பும்

திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் ஆதிசைவக் குலத்தில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகப் பிறந்தவர் சுந்தரர். அவ்வூர் முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019ஆம் ஆண்டு முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. பெற்றோர் இட்ட பெயர் நம்பி ஆரூரர். அவர் கி.பி. எட்டாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை.

சிறு பிள்ளையாகத் தெருவில் தேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்த அவரை, அந்நாட்டுச் சிற்றரசர் நரசிங்க முனையரையர் கண்டார். கண்டதும் அன்பு பெருகப் பெற்றோரிடம் கேட்டுப் பெற்று அரண்மனையில் வளர்த்தார். அந்தணக் குலத்துக் கல்வியும் அரச குலத்துச் செல்வமும் ஒருங்கே பெற்று வளர்ந்தார் நம்பி. பின்னர் நடந்த வழக்கின் பெருமையை உணர, எதிர்வாதி அரசனின் வளர்ப்பு மகன் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

பந்தலில் மூண்ட வழக்கு

மணப் பருவம் வந்தது. புத்தூர்ச் சடங்கவி சிவாச்சாரியாரின் மகளைப் பேசி முடித்தனர். நாள் குறித்து, பந்தலிட்டு, சுற்றம் சூழ மணமகன் அமர்ந்திருந்த வேளையில், கையில் தடியூன்றிய ஒரு கிழவர் உள்ளே வந்தார். தமக்கும் மணமகனுக்கும் ஒரு வழக்கு உண்டு என்றும், அதை முடித்த பின்னரே மணவினை நடக்க வேண்டும் என்றும் சொன்னார். என்ன வழக்கென்று கேட்டபோது, இந்த நம்பி தமக்கு அடிமை என்றும், இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை தம்மிடம் இருக்கிறது என்றும் கூறினார்.

பந்தல் சிரித்தது. அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது எங்கும் கேளாத செய்தி. நம்பி ஆரூரர் அவரைப் பித்தன் என்று ஏசினார். ஆயினும் ஓலை என்ற சொல் அவர் மனத்தைத் தைத்தது. அந்த ஓலையைக் காட்டும்படி கேட்டார். கிழவரோ, அதைக் காண நீ தகுதி உடையவனோ என்று மறுத்து, சபையில்தான் காட்டுவேன் என்றார். கோபம் கொண்ட மணமகன் எழுந்து துரத்தினார்; கிழவர் ஓடினார்; எட்டிப் பிடித்து ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார் நம்பி.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். நம்பி கேட்டதில் தவறில்லை. தன்னைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லப்படும் ஓலையைத் தான் காண வேண்டும் என்பது எந்த மனிதனுக்கும் உரிய உரிமை. காட்ட மறுத்தது கிழவர் தவறு. ஆனால் அவர் அஞ்சியதிலும் நியாயம் இருந்தது என்பதை அடுத்த கணமே நம்பியின் கை மெய்ப்பித்துவிட்டது. ஒருவர் மறைத்தார், மற்றவர் அழித்தார். மறைத்தவரின் அச்சமும் அழித்தவரின் சினமும் ஒன்றையொன்று வளர்த்தன. வக்கீல்கள் இருவர் காகிதத்துக்காக மல்லுக்கு நிற்கும் இன்றைய வழக்குகளிலும் நடப்பது இதுவே அல்லவா?

வெண்ணெய்நல்லூர்ச் சபை

கிழவரின் ஊர் திருவெண்ணெய்நல்லூர் என்று தெரிந்ததும், வழக்கை அங்கேயே தீர்த்துக்கொள்வோம் என்றார் நம்பி. மணம் நின்றது. கூட்டம் வெண்ணெய்நல்லூருக்கு நடந்தது. அங்கே அந்தணர் சபை கூடியது.

இனி நடந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் படிப்படியாக விரித்துரைக்கிறார். அவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். அரசாங்க நடைமுறை அறிந்தவர். ஆதலால் அவர் காட்டும் சபையில் சோழர் கால ஊர்ச்சபைகளின் சாயல் படிந்திருக்கிறது எனக் கொள்ளலாம். பிரமதேயம் என்று வழங்கிய ஊர்களில் அத்தகைய சபைகள் இயங்கின. எங்கள் பிரம்மதேசத்தின் பெயரும் அவ்வழக்கிலிருந்தே வந்தது. எங்கள் ஊர்ப் பழங்கோயில் சுவர்களில் உள்ள சோழர் கல்வெட்டுகளும் ஒருவகையில் யாவரும் காணக் கல்லில் எழுதிவைத்த பத்திரங்களே.

சபையில் கிழவர் முறையிட்டார். ஓலையை இவன் கிழித்துவிட்டான் என்றார். சபையோர் நம்பியை நோக்கி, வலிந்து ஓலையைக் கிழித்துவிட்டால் வழக்கில் வென்றதாகுமா என்று கேட்டனர். பின் கிழவரை நோக்கி, அந்தணர் அடிமையாதல் வழக்கில் இல்லை. ஆகவே உம் கூற்றை மெய்ப்பிக்க மூன்றில் ஒன்றைக் காட்டுக என்றனர். வழிவழி வந்த அனுபவம், எழுதிய ஆவணம், அயலார் கண்ட சாட்சி ஆகியவையே அம்மூன்று.

அப்போதுதான் கிழவர் உண்மையை வெளியிட்டார். கிழிபட்டது படியோலை; மூல ஓலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்றார். ஆனால் அதையும் இவன் பறித்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டார். அவ்வாறு நேர நாங்கள் விடமாட்டோம் என்று சபையோர் உறுதி கூறினர். ஊர்க் கரணத்தான் மூல ஓலையைத் தொழுது வாங்கி, சுருள் நீக்கி, அனைவரும் கேட்கப் படித்தான். திருநாவலூர் ஆரூரனாகிய பாட்டன், தானும் தன் வழிவந்தோரும் வெண்ணெய்நல்லூரில் வாழும் பித்தனுக்குத் தொண்டு செய்வதாக எழுதிக் கையொப்பம் இட்டிருந்தான்.

சபை அத்துடன் நிற்கவில்லை. சாட்சிகளின் கையெழுத்து அவரவருடையதே என்று உறுதி செய்துகொண்டது. அடுத்து, எழுத்து பாட்டனுடையதுதானா என்ற கேள்வி எழுந்தது. பாட்டன் எழுதிய வேறோர் எழுத்து இருந்தால் கொண்டுவந்து ஒப்புநோக்குங்கள் என்றார் கிழவர். காப்பில் இருந்த மற்றோர் ஓலையை வருவித்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தனர். எழுத்து ஒத்திருந்தது. நம்பி தோற்றார் என்று சபை தீர்ப்புரைத்தது.

வாதியோ ஊர் பேர் தெரியாத முதியவர்; எதிர்வாதியோ அரண்மனையில் வளர்ந்தவர். ஆயினும் ஓலை பேசியபடியே சபை பேசியது. அதனினும் பெரியது நம்பியின் செய்கை. பந்தலில் ஓலையைக் கிழித்த அதே மனிதர், யாவரும் காண ஆவணம் திறக்கப்பட்ட பின், முறை இதுவாயின் மறுக்க என்னால் ஆகுமோ என்று தலைவணங்கினார்.

அன்றைய சபையும் இன்றைய சட்டமும்

அறிவியல் படிக்கும் எனக்கு இந்தச் சபையின் முறை வியப்பளித்தது. மூலமும் படியும் வேறு என்பது, சாட்சிக் கையெழுத்தைச் சோதிப்பது, ஐயமற்ற ஓர் எழுத்தோடு ஐயத்துக்குரிய எழுத்தை ஒப்பிடுவது ஆகிய மூன்றும் 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இடம்பெற்றன. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கின்றன.

ஆவணத்தைக் காட்டும் தகராறுக்கு 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11ஆம் கட்டளை வழி சொல்கிறது. ஒரு கட்சிக்காரர் தம்மிடம் உள்ள ஆவணங்கள் எவை என்று பிரமாணத்துடன் கூறும்படி மற்றவர் நீதிமன்றத்தின் வழியே கேட்கலாம், அவற்றைப் பார்வையிடலாம், நகல் எடுக்கலாம். நீதிமன்றம் உத்தரவிட்ட பின்னும் காட்ட மறுத்தால், வாதியின் வழக்கு தள்ளுபடி ஆகலாம். பிரதிவாதியின் எதிர்வாதம் நீக்கப்படலாம். 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. வணிக வழக்குகளில் தமக்குச் சாதகமான ஆவணங்களை மட்டுமன்றிப் பாதகமான ஆவணங்களையும் தொடக்கத்திலேயே வெளிப்படுத்த வேண்டும் என்றது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களிலோ, 1938 முதல் நடப்பிலுள்ள உரிமையியல் விதிகள் காலப்போக்கில் வளர்ந்து, ஆவணத் தகராறை நீதிபதியிடம் கொண்டுசெல்லும் வக்கீல், முதலில் எதிர் வக்கீலுடன் நல்லெண்ணத்தோடு பேசித் தீர்க்க முயன்றதாகச் சான்றுரைக்க வேண்டும் என்று விதிக்கின்றன.

இந்த விதிகளுக்கெல்லாம் அடியில் ஒரே கருத்து இருக்கிறது. காட்டுபவருக்குப் பாதுகாப்பு வேண்டும். காண்பவருக்கு உரிமை வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தர வல்லது நடுவில் நிற்கும் மன்றம். வெண்ணெய்நல்லூர்ச் சபை பறிக்க விடமாட்டோம் என்று ஒரு வாக்குக் கொடுத்தது. அந்த ஒரு வாக்கில் மூல ஓலை வெளியே வந்தது.

எங்கள் வீட்டு ஓலை

இதனை நான் ஏட்டில் மட்டும் படித்தறியவில்லை. என் பாட்டனார் எழுதப் படிக்க அறியாதவர். அரைக் காணி நிலத்தை அசலூர்க்காரர் ஒருவரிடம் அடமானம் வைத்துப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார். அவர் மறைந்த பின் என் தந்தையார் கடனைக் கட்டிவந்தார். பத்திரத்தை ஒருமுறை காட்டுங்கள் என்று கேட்டபோது, படிக்கத் தெரியாத உனக்கு அது எதற்கு என்ற பதிலே கிடைத்தது. சந்தேகம் வளர்ந்தது. கட்டுவதை நிறுத்தினார். வழக்கு வந்தது. பத்திரத்தைக் காட்டுவது பற்றி இரு தரப்பு வக்கீல்களும் மனுவும் எதிர்மனுவுமாக நின்றனர். கடன் வாங்கிய நாள் முதல் எண்ணினால் 11 ஆண்டுகள் ஓடிவிட்டன.

கடைசியில் வக்கீல்கள் இருவரும் நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசி, பத்திரத்தை ஒரு பெஞ்சின் மேல் விரித்தனர். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. தந்தையார் என்னைப் படிக்கச் சொன்னார். நடுங்கும் குரலில் வரி வரியாகப் படித்தேன். ஏமாற்று எதுவும் அதில் இல்லை. தொகை அவர்கள் சொன்ன தொகையே. வட்டி அவர்கள் சொன்ன வட்டியே. என் தந்தையார் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம் பாட்டில், இதை முன்பே காட்டியிருக்கலாமே என்றார். ஒரு மாதத்துக்குள் கணக்குத் தீர்ந்தது.

அன்று எனக்கு விளங்கியது இதுதான். மறைத்து வைத்தால் மெய்யான ஓலையும் பொய்யோலை போலவே தோன்றும். காட்டுவதால் எதிரிக்கு மட்டும் நன்மை என்பது தவறு. நியாயம் தன் பக்கம் உள்ளவருக்கே அதில் பெரிய நன்மை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பாட்டன் எழுதிய ஓலைக்குப் பேரன் அடிமையாதல் இன்று செல்லாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. ஆவணம் மெய்யாக இருப்பது வேறு, நியாயமாக இருப்பது வேறு. ஆனால் ஒன்று நியாயமா என்று கேட்பதற்கும் முதலில் அதைக் கண்ணால் காண வேண்டும்.

தோழரின் வாழ்வு

வரலாற்றுக்குத் திரும்புவோம். ஓலையில் ஊர் வெண்ணெய்நல்லூர் என்றிருக்கிறதே, உம் வீடு எது என்று சபையோர் கிழவரைக் கேட்டனர். அவர் அவர்களை அழைத்துக்கொண்டு திருவருட்டுறைக் கோயிலுக்குள் புகுந்து மறைந்தார். வந்தவர் இறைவனே என்றறிந்து நம்பி உருகினார். வன்மை பேசியதால் வன்தொண்டன் என்ற பெயர் பெற்றார். பந்தலில் ஏசிய பித்தன் என்ற சொல்லையே முதலாகக் கொண்டு பாடும்படி இறைவன் பணித்தார் என்பது வரலாறு. இன்றும் அக்கோயிலில் வழக்கு வென்ற அம்பலம் என்று ஒரு மண்டபத்தைக் காட்டுகின்றனர். புத்தூர் மணமகளோ நம்பியையே நினைந்து வாழ்ந்து இறையடி சேர்ந்தார் என்கிறார் சேக்கிழார். தன் பக்கம் எந்தப் பிழையும் இல்லாமல் அந்த வழக்கில் இழந்தவர் அவரே என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

பின்னர் தில்லை, சீகாழி முதலிய தலங்களை வணங்கி நம்பி திருவாரூர் அடைந்தார். இறைவன் அவரைத் தோழராக ஏற்றார், பரவையாரை மணந்தார். அங்கே அடியார்களின் பெயர்களை நிரல்படுத்தி, ஒவ்வொருவருக்கும் தாம் அடியவர் என்று கூறும் திருத்தொண்டத்தொகையைப் பாடினார். பெரியபுராணத்துக்கு வித்து அதுவே. ஓர் அடிமை ஓலையைக் கிழித்தவர், தாமே மனமுவந்து ஊரெல்லாம் அறியத் தம்மை அடிமை என்று எழுதிக் கொடுத்ததற்கு ஒப்பானது அது.

வழக்கில் கற்ற பாடத்தை அவர் மறக்கவில்லை என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், இறைவன் அவருக்கு 12,000 பொன் அளித்தார். அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி அருளினார். ஆற்றில் இடுமுன் அப்பொன்னிலிருந்து மச்சமாக ஒரு சிறு துண்டை வெட்டி வைத்துக்கொண்டார் நம்பி. குளத்தில் பொன் கிடைத்ததும், மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடினார், மாற்று ஒத்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒப்பிடுவதற்கென்று ஒரு மாதிரியைத் தனியே எடுத்து வைக்கும்போதெல்லாம் இந்த மச்சம் என் நினைவுக்கு வரும். ஆண்டவன் கொடுத்ததேயாயினும் ஒப்புநோக்கி வாங்கியவர் அவர்.

ஆனால் அவரும் ஒருமுறை சறுக்கினார். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க, அவரை விட்டு அகலேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. பிற தலங்களைக் காணும் வேட்கை கொண்ட நம்பி, தாம் சத்தியம் செய்யும் வேளையில் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குச் சென்றுவிடும்படி இறைவனைத் தனிமையில் வேண்டிக்கொண்டார். சாட்சியையே இடம் மாற்றப் பார்த்தார் என்பது இதன் பொருள். இறைவனோ சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் கேட்கும்படி உணர்த்திவிட்டார். மறுக்க வழியின்றி அங்கே சத்தியம் செய்தார் நம்பி. பின்னர் திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வர, சொல் தவறி ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளி இழந்தன. தட்டுத் தடுமாறி நடந்து, காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார்.

வெண்ணெய்நல்லூரில் எழுத்தை அழிக்க முயன்றார். ஒற்றியூரில் சாட்சியை விலக்க முயன்றார். இரண்டு முறையும் உண்மை வெளியே வந்தே தீர்ந்தது. முதல் முறை தலைவணங்கியதால் தோழரானார். இரண்டாம் முறை மறைத்ததால் கண்ணிழந்தார். கண்ணை மீட்கவும் அவர் மறைக்கவில்லை. தம் பிழையைத் தம் பாட்டிலேயே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

சேரமான் பெருமாளின் நட்பைப் பெற்று, நிறைவில் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானை மீது கயிலை சென்றார் என்பர். ஆடி மாதச் சுவாதி நாள் அவருக்குரியதாக இன்றும் கொண்டாடப்படுகிறது. அவர் பாடல்கள் ஏழாம் திருமுறையாகத் திகழ்கின்றன. அவர் மண்ணில் வாழ்ந்தது 18 ஆண்டுகளே என்பது வழிவழி வந்த செய்தி. நம்மில் பலரைவிட இளையவர்!

அருமை நண்பர்களே! நம்முள் சிலர் நாளை வக்கீல்கள் ஆகலாம். சிலர் அதிகாரிகள் ஆகலாம். எல்லோரும் ஏதேனும் ஒரு நாள் ஓர் ஓலையைக் கையில் வைத்திருப்போம். அதைக் காட்டும்படி எழுத்தறியாத ஒருவர் நம் முன்னே வந்து நிற்பார். உனக்கு எதற்கு என்று நாம் கேட்க வேண்டா. அவர் அருகில் அமர்த்தி, விரித்து வைத்து, வரி வரியாகப் படித்துக் காட்டுவோம். வெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு நாம் செய்யும் மரியாதை அதுவாகவே இருக்கட்டும்.